பெரிய கேம் மாட்கள் ஏன் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன?

மாட் என்றால், ஏற்கெனவே வெளிவந்த ஒரு கேமை ரசிகர்களே மாற்றியோ கூட்டியோ செய்வது. அது ஏன் நிற்கிறது என்று கேட்டால், நேரமில்லை, காசில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சின்ன மாட் செய்பவர்களுக்கும் இதே நிலைமைதானே, அவர்கள் எப்படி முடிக்கிறார்கள்? நான் கொஞ்ச காலம் ஸ்கைரிம் என்ற கேமுக்கு மாட் செய்யும் ஒரு குழுவில் இருந்தேன். அந்தக் குழு இப்போது இல்லை. அங்கே பார்த்த வரையில், பெரிய மாட்கள் சாவது யாரும் செய்ய விரும்பாத வேலைகள் குவிந்துபோவதால்தான்.

மேப் வரைய, வாள் டிசைன் செய்ய, இசை போட, கதை எழுத ஆட்கள் வரிசையில் வருவார்கள். ஒரு நகரமே எழும்பிவிடும், ஸ்கிரீன்ஷாட்டில் அட்டகாசமாக இருக்கும். அப்புறம் அதற்கு நாவ்மெஷ் போட வேண்டும். எந்த இடத்தில் நடக்கலாம் என்பது கேமே இயக்கும் பாத்திரங்களான என்பிசிகளுக்குத் தெரிய, தரை முழுக்க முக்கோணம் முக்கோணமாகப் பின்னும் வலை அது. படிக்கட்டு, பாலம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு கதவை இணைக்காமல் விட்டால், கடைக்காரர் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டார். ஆயிரம் அறை கட்டினால் ஆயிரத்துக்கும் இது வேண்டும். சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, பாராட்டும் வராது.

குவெஸ்ட், அதாவது பிளேயருக்குக் கொடுக்கும் கதைப் பணி, இன்னும் மோசம். பேச வேண்டிய ஆளை பிளேயர் முன்பே கொன்றிருந்தால்? கொண்டுவரச் சொன்ன மோதிரத்தை ஏற்கெனவே எடுத்து விற்றிருந்தால்? பத்து வரியில் எழுதிய கதைக்கு இப்படி ஏகப்பட்ட கிளைகள். கதை எழுத வந்தவர் இந்த இடத்தில்தான் மெல்ல நழுவுவார். ஸ்கிரிப்ட் எழுதியவர் வேலை, கல்யாணம் என்று போய்விட்டால், அவர் எழுதியது வேறு யாருக்கும் புரியாது. புதிதாக வருபவர், “முதலிலிருந்து எழுதிவிடலாம்” என்பார். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வெளியிலிருந்தும் அடி விழும். ஃபால்அவுட் லண்டன் என்ற மாட் 2024 ஏப்ரலில் வர வேண்டியது. அதே நேரத்தில் அதன் மூல கேமான ஃபால்அவுட் 4-க்குப் பெரிய அப்டேட் வந்து, மாட் அதோடு ஒத்துப்போகுமா என்ற சிக்கல் எழுந்ததால், ஜூலை வரை தள்ளிப்போனது. அது தப்பித்துக்கொண்டது. குரோனோ ட்ரிகர் கேமை வைத்து ரசிகர்கள் செய்த கிரிம்சன் எக்கோஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009-ல், வெளியிடும் தறுவாயில், அந்தக் கேமின் உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸின் சட்ட நோட்டீஸ் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆனால் நோட்டீஸால் நின்றவற்றைவிட, சத்தமில்லாமல் ஆறிப்போனவைதான் அதிகம் என்பது என் கணிப்பு.

முடித்தவர்களைப் பாருங்கள். ஹாஃப்-லைஃப் கேமை மறுபடி உருவாக்கிய பிளாக் மீசா குழு, கடைசிப் பகுதியான ஸென் இல்லாமலேயே 2012-ல் முதல் பதிப்பை விட்டது. ஸென்னும் சேர்ந்து முழுசாக வந்தது 2020-ல். அதற்குள் மூல கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தின் அனுமதியோடு விலைக்கு விற்கும் கேமாகவும் ஆகிவிட்டது. மோரோவிண்ட் 2002-ல் வந்த கேம். அதன் வரைபடத்தில் விடுபட்ட நிலப்பரப்பைக் கட்டும் டாம்ரியல் ரீபில்ட் இன்னும் முடியவில்லை, ஆனாலும் செத்துப்போகவில்லை. பகுதி பகுதியாக வெளியிடுகிறார்கள், ஜனங்கள் விளையாடுகிறார்கள், விளையாடியவர்களில் சிலர் குழுவிலேயே சேர்ந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியான வழி இதுதான். மொத்தக் கண்டத்தையும் ஒரே நாளில் திறக்கிறேன் என்று கிளம்புபவர்கள், பாதியில் நின்றால் ட்ரெய்லரைத் தவிர எதையும் விட்டுப்போவதில்லை.

அதனால் இப்போது யாராவது “எங்கள் மாட் குழுவுக்கு வா” என்றால் கான்செப்ட் ஆர்ட்டை நான் பார்ப்பதே இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விளையாடக்கூடிய ஒரு குவெஸ்ட், ஒன்றே ஒன்று, இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.