இயற்கையோடு நெருங்கி இருந்தால் தாம்பத்திய உறவில் மனம் ஒன்றுமா?

கல்யாணமாகி ஏழு வருடம், உறவின்போது மனம் எங்கெங்கோ போகிறது, மலைப்பக்கம் போய்க் கொஞ்ச நாள் இருந்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொழும்பிலோ வேறு பெரிய ஊரிலோ மாடிவீட்டில் இருப்பவர் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பூட்டிக்கொள்ள ஓர் அறை இருக்கும். அது இல்லாத இடத்திலிருந்து நான் பதில் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்று ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் எங்கள் தலைமாட்டில் இருமுவது போலக் கேட்கும். மாமியாரும் நாத்தனாரும் இஸ்தோப்பில் படுப்பார்கள். வீட்டுக்காரருக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வருவார். அந்த இரண்டு ராத்திரியும் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிடந்தேன். உடம்பு இந்தப் பக்கம், காது சுவருக்கு அந்தப் பக்கம். யார் புரண்டு படுக்கிறார்கள், யார் இன்னும் தூங்கவில்லை என்பதிலேயே கவனம். ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிள்ளைகள் இரண்டு பிறந்தார்கள். ஆனால் உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இயற்கை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று சொல்பவர்கள் இதையும் கேட்க வேண்டும். அந்த ஒன்பது வருடமும் நான் கொழுந்து எடுத்தேன். பனியிலும் மழையிலும், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு மலையில்தான் இருந்தேன். ஒன்றும் குணமாகவில்லை. கண் கொழுந்தில், மனசு தராசில். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்தான் விழும். எதிரே சிவனொளிபாதமலை நிற்கும், நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் கடையை மூடிவிட்டார்கள். அவர் ஊருக்கு வந்தவர் பிறகு திரும்பிப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் விறகுக்குப் போக ஆரம்பித்தோம். தோட்டத்துக்கு மேலே யூக்கலிப்டஸ் மரங்கள், அதையும் தாண்டினால் ஒரு பாறை. மாசி மாதம், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, அடியில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரிந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சுட்ட பாறையில் காலை நீட்டினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றேன். காற்று, கீழே எங்கோ ஒரு நாய், அப்புறம் என்னுடைய மூச்சு. என் மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வருவதைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கவனித்தேன். அவர் என் முதுகில் கையை வைத்தார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையின் சூடு எனக்குத் தெரிந்தது.

அங்கேதான் வாய்விட்டுச் சொன்னேன். "நீங்க தொடும்போது எனக்குப் பயமா இருக்கு. உங்களால இல்ல, அந்தச் சுவரால." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்படித்தான்" என்றார். இத்தனை வருடமாக இரண்டு பேரும் ஒரே சுவரைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

வெட்டவெளியில் ஏதாவது செய்யச் சொல்கிறேன் என்று யாரும் திரித்துவிடாதீர்கள். உட்கார்ந்திருந்தோம், அவ்வளவே. ஒரு பெண் இதையெல்லாம் எழுதலாமா என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலைக்கும் கூடலுக்கும் உள்ள தொடர்பை நான் கண்டுபிடிக்கவில்லை. சங்க இலக்கியத்தில் மலைநிலமான குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று நம் முன்னோர்தான் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்த வரியை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு முல்லைக்குப் போய்விட்டார்.

பிறகு கிளினிக்கில் ஒரு டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இருவர் 1970 வாக்கிலேயே சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு என்றார். கொஞ்ச நாளைக்கு உறவு என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஒருவரை ஒருவர் சும்மா தொட்டு, கை படும் இடத்தின் சூட்டையும் அழுத்தத்தையும் மட்டும் கவனிக்க வேண்டும். மனம் விலகினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும். உடம்பு காவல் காத்துக்கொண்டு இருக்கும்போது ஆசை எழுவது கஷ்டம் என்றும் விளக்கினார். நாங்கள் பாறையில் தெரியாமல் தொடங்கியதும் அதுதான். மாமியாரும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து வீட்டிலும் பழகினோம். வலி இருந்தால் டாக்டரிடம் போங்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனோ கட்டாயப்படுத்துகிறவனோ என்றால் எந்த மலைக்கும் அவனோடு போகாதீர்கள்.

சுவரைப் பற்றி எழுதியதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையகத் தமிழர்கள் நாங்கள் இந்த மலைக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் மேடை போட்டுப் பேசினார்கள். நான் இருக்கும் காம்பராவுக்கு இன்றுவரை என் பேரில் ஒரு காணி உறுதி, நிலப் பத்திரம் இல்லை. வீட்டுக்கு இலக்கம் இல்லை. என் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, தேதி முடிந்து பதினொரு நாள் கழித்துக் கைக்கு வந்தது. தோட்டத்து அதிகாரி இருந்த பழைய துரை பங்களாவில் தங்க வருகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இயற்கையை ரசிக்கிறார்கள். அந்தக் கதவு எங்களுக்கும் வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலைக்கு வாருங்கள், ஆனால் போனைப் பையிலேயே வைத்துவிட்டு, பேசாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார முடியுமா என்று முதலில் பாருங்கள். உங்கள் காது எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். அதை உங்கள் துணையிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கேஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் இன்னும் கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். லயத்தில் யாராவது கேட்டால் விறகுக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.