டர்ட் டிராக் பந்தயத்தில் ரசிகர்களுக்கு என்னதான் வேண்டும்? டிராக் எப்படி இருக்க வேண்டும், எந்த ஃபார்மட் நல்லது?

கேள்வி கேட்டவர் அமெரிக்க மண் டிராக் பந்தயங்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் "டிராக் காய்ந்து போச்சு" என்கிறார்கள், அடுத்த வாரம் "தண்ணி அதிகம்" என்கிறார்கள், ஹீட் (தகுதிக்கான குட்டிப் பந்தயம்), டேஷ், பி மெயின் (இறுதிக்கு நேரடியாகத் தேறாதவர்களின் பந்தயம்) என்று ஃபார்மட்டைப் பற்றியும் ஓயாத சண்டை, இதில் யார் சொல்வது சரி என்பது அவருடைய குழப்பம்.

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. மண் ஒரு ராத்திரிக்குள் நாலைந்து விதமாக மாறும். யார் எப்போது, எந்த இடத்திலிருந்து அந்த மண்ணில் இறங்குகிறார் என்பதை முடிவு செய்வது ஃபார்மட். ஃபார்மட் மோசம் என்று திட்டப்படும் பல பந்தயங்களில் உண்மையான குற்றவாளி டிராக்தான். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்.

முதலில் மண். ஈரமாக, நல்ல பிடிப்போடு, கார்கள் பறக்கிற டிராக்தான் நல்ல டிராக் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். வேகம் மட்டும் வேண்டுமென்றால் சரிதான். 900 குதிரைத்திறன் கொண்ட ஸ்பிரிண்ட் கார் (மண் டிராக்குக்கென்றே செய்த, சக்கரங்கள் வெளியே தெரியும் சின்னக் கார்), ஈர மண்ணில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்காமலே சுற்றி வந்துவிடும். லேப் ரெக்கார்டுகள் உடைவதெல்லாம் அந்த நேரத்தில்தான். ஆனால் எங்கே மிதித்தாலும் பிடிக்கிறது என்றால் எல்லாரும் மிகக் குறுகிய பாதையையே பிடிப்பார்கள், ஒரே வேகத்தில் போவார்கள். முன்னால் இருப்பவரை முந்த வழியே கிடைக்காது. அதனால் பழைய ரசிகர்கள் ஈரமான டிராக்கைப் பார்த்துப் பெரிதாகச் சந்தோஷப்பட மாட்டார்கள்.

மண் காயக் காயத்தான் ஆட்டம் தொடங்கும். நடுவே ஓடி ஓடி ஈரம் போய், வழுவழுவென்று ஸ்லிக் ஆகிவிடும். டயர்கள் கிளறிய உதிரி மண் வெளிப்பக்கம் ஒதுங்கி, மேல் ஓரத்தில் ஒரு வரப்பு மாதிரி சேரும். இதைத்தான் குஷன் என்கிறார்கள். இப்போது ஓட்டுபவருக்கு இரண்டு வழி. கீழே உள்பக்கமாகப் போனால் தூரம் குறைவு, ஆனால் காலை அடக்கி வைக்க வேண்டும். மேலே குஷனில் வலது பின் டயரைச் சாய்த்துப் போனால் தூரம் அதிகம், வேகம் விடாது. குஷனைத் தாண்டி ஒரு அடி போனால் சுவர்தான். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும்போது பார்க்க வேண்டும். கீழே இருப்பவர் வளைவுக்குள் பாய்ந்து, வழுக்கிக்கொண்டே மேலே போய் எதிராளியின் மூக்குக்கு முன்னால் நிற்பார். அது ஸ்லைட் ஜாப். எதிராளி பிரேக்கைத் தட்டிக் கீழே திரும்பி, வளைவை விட்டு வெளியே வரும்போது மறுபடி முந்திவிடுவார். ஓஹையோவில் இருக்கும் எல்டோராவில் இதே ஆட்டத்தைச் சுவருக்கு ஒட்டினாற்போல ஆடுவார்கள்.

இதற்கும் மேல் காய்ந்தால் வருவதுதான் ரசிகர்களின் உண்மையான எதிரி: ரப்பர். மண் கட்டாந்தரையாகி, டயர் தேய்ந்து ரப்பர் படிய ஆரம்பிக்கும். ஒரு காரின் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டையில் தார்ச்சாலை மாதிரி பிடிப்பு, அதை விட்டு வெளியே வந்தால் நாலு இடம் போய்விடும். பிறகென்ன, கடைசி வரை ரயில் வண்டிதான், டயர் வெடித்தால்தான் ஏதாவது மாறும். 100 லேப் லேட் மாடல் (சக்கரங்களை மூடிய உடல் கொண்ட மண் டிராக் கார்) பந்தயத்தில் இது நடந்தால் முன்னால் இருப்பவர் டயரைக் காப்பாற்ற மெதுவாக ஓட்டுவார், பின்னால் இருபது பேரும் அதே வேகத்தில் வருவார்கள். இதற்குப் பணம் கொடுத்தோமே என்று இருக்கும்.

ஆக, ரசிகர்கள் கேட்பது ஈர டிராக்கும் இல்லை, காய்ந்த டிராக்கும் இல்லை. ஃபீச்சர், அதாவது ராத்திரியின் முக்கியப் பந்தயம் நடக்கும் நேரத்தில் கீழே ஸ்லிக், மேலே குஷன், ரப்பர் விழாத அளவுக்கு அடியில் ஈரம். ஐந்தாம் நாள் பிட்ச் எப்படி இருக்கும் என்று முதல் நாளே கணித்துத் தண்ணீர் விடும் வேலை இது. வெயில், காற்று, மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, எத்தனை கார் வரும் என எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அயோவாவின் நாக்ஸ்வில் டிராக்கில் இருக்கும் கறுப்பு மண்ணுக்குப் பொருந்தும் கணக்கு வேறொரு டிராக்கின் செம்மண்ணுக்குப் பொருந்தாது. மேலாக்கத் தண்ணீர் அடித்தால் மேலே சேறு, அடியில் புழுதி. முன்கூட்டியே மண்ணைக் கிளறி, ஆழமாக ஊறவிட்டு, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும்.

பகல் பந்தயம் என்றால் இந்த வேலை இன்னும் கஷ்டம். 2021இல் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் தன் முதன்மைத் தொடரான கப் பந்தயத்தை பிரிஸ்டலில் மண்ணில் நடத்தியது ஞாபகம் இருக்கலாம். 1970 செப்டம்பரில் ராலேயில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்த பந்தயத்துக்குப் பிறகு கப் தொடர் மண்ணுக்குத் திரும்பியது அதுதான் முதல் முறை. கான்கிரீட் மேல் மண்ணைக் கொட்டித் தயார் செய்தார்கள். சனிக்கிழமை நாஸ்காரின் இன்னொரு தொடரான டிரக்குகளின் ஹீட் தொடங்கியதுமே முன்கண்ணாடியில் சேறு அப்பி வழி தெரியாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு மழை. பந்தயம் திங்கட்கிழமை பகலுக்குத் தள்ளிப்போனது. இந்த முறை புழுதி, முன்னால் போகும் கார் தெரியவில்லை, ரீஸ்டார்ட்டை ஒற்றை வரிசையாக மாற்றினார்கள். ஜோயி லோகானோ ஜெயித்தார். மண் பந்தயமே இப்படித்தான் போல என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஸ்பிரிண்ட் காரில் முன்கண்ணாடியே கிடையாது. ஹெல்மெட்டில் அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஓட்டுபவர் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுக்கொண்டே போவார். எடையும் கப் காரில் பாதிகூட இல்லை. அடுத்த ஆண்டு ராத்திரியில் நடத்தியதும் பிரிஸ்டல் எவ்வளவோ தேறியது. கடைசி லேப்பில் சேஸ் பிரிஸ்கோ, டைலர் ரெடிக் மேல் ஸ்லைட் ஜாப் போடப் பார்த்து இருவரும் சுழல, மூன்றாவதாக வந்த கைல் புஷ் ஜெயித்தார். 2024இல் கான்கிரீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

சரி, ஃபார்மட். தகுதிச் சுற்றில் (நேரம் பார்த்து ஓடுவது) வேகமாக ஓடியவரை ஹீட்டில் முன்னால் நிறுத்தி, ஹீட்டில் ஜெயித்தவரை ஃபீச்சரிலும் முன்னால் நிறுத்துவது ஒரு வகை. இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. தகுதிச் சுற்றில் முதலில் போகிறவருக்கு ஈர மண் கிடைக்கும், முப்பதாவதாகப் போகிறவருக்குக் காய்ந்த மண். எத்தனையாவதாகப் போவது என்பது குலுக்கலில் வந்தது. அந்தக் குலுக்கலின் அதிர்ஷ்டம் ராத்திரி முழுக்கக் கூடவே வரும். ஹீட்டும் சப்பென்று இருக்கும், வேகமானவர் முன்னாலேயே கிளம்பி முன்னாலேயே முடிப்பார். வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் என்ற ஸ்பிரிண்ட் கார் தொடரின் ஹீட்டுகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் புலம்பல் இதுதான். முன் வரிசைகளைத் தீர்மானிக்க டேஷ் என்று ஒரு குட்டிப் பந்தயம் வைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

எனக்குப் பிடித்தது இன்வெர்ட், அதாவது வேகமானவர்களை ஹீட்டில் பின்னால் தள்ளுவது. நாக்ஸ்வில் நேஷனல்ஸ் முறையை இதற்காகவே ரசிக்கலாம். 1961 முதல் நடக்கும் இந்தப் பந்தயத்தில் தகுதிச் சுற்றுக்குப் புள்ளி, ஹீட்டுக்குப் புள்ளி, அன்றைய ஃபீச்சருக்குப் புள்ளி, எல்லாம் கூட்டி சனிக்கிழமை 50 லேப் இறுதிப் பந்தயத்துக்கு இடம். வேகமாக ஓடினால் புள்ளி உண்டு, ஆனால் ஹீட்டில் பின்வரிசை. அங்கிருந்து முந்திக்கொண்டு வந்தால்தான் அந்தப் புள்ளிக்கு மதிப்பு. பத்து லேப் ஹீட்டில் நட்சத்திர ஓட்டுநர் ஒருவர் கடைசித் தகுதி இடத்துக்காக முண்டியடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, சில ஃபீச்சர்களைவிட அது நினைவில் நிற்கும்.

துல்சாவில் ஜனவரியில் நடக்கும் சில்லி பௌல் இன்னொரு உலகம். கூரைக்கு அடியில் கால் மைல் டிராக், முந்நூறுக்கும் மேல் மிட்ஜெட் எனும் குட்டிக் கார்கள். ஹீட்டில் எங்கிருந்து கிளம்புவது என்பது குலுக்கல், ஆனால் எத்தனை பேரை முந்தினீர்களோ அதற்கும் புள்ளி உண்டு. பின்னால் விழுந்தவருக்கு அது அபராதமில்லை, வாய்ப்பு. கடைசி நாள் எழுத்து வரிசைதான், ஏ மெயின்தான் இறுதிப் பந்தயம், அதற்குக் கீழே பி, சி என்று போகும்: கடைசி எழுத்து மெயினில் தொடங்கி, முதல் சில பேர் மட்டும் அடுத்த எழுத்தின் கடைசி வரிசைக்கு ஏறுவார்கள். சாயங்காலம் வரை பெயர் தெரியாத ஒருவர் நாலு மெயின் ஏறி வந்தால் மொத்த அரங்கமும் அவர் பக்கம்தான். ஆனால் வாரா வாரம் நடக்கும் பந்தயத்துக்கு இது சரிப்படாது. அங்கே வருவது இருபத்தைந்து கார் என்றால் எழுத்தெல்லாம் எதற்கு?

ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது நேர விஷயத்தில். ஹீட்டெல்லாம் முடிந்ததும், ஃபீச்சருக்கு முன் மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை இறக்கி டிராக்கைச் சரி செய்ய அரை மணி நேரம் ஆகும். குழந்தைகளைக் கூட்டி வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். "தண்ணி அடிச்சுட்டு உடனே விடுங்கப்பா" என்பது அவர்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி. அந்த அரை மணிதான் ஃபீச்சரைக் காப்பாற்றுகிறது. நேரம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஒரே ராத்திரியில் ஆறு பிரிவுக் கார்களுக்குப் பந்தயம் நடத்துவதை விடட்டும், மூன்று போதும். ஒவ்வொரு பிரிவும் ஓடும்போது மண் இன்னும் கொஞ்சம் தேயும். பின்னால் வரும் சிறிய பிரிவுகளின் ஸ்பின்னுக்கும் யெல்லோவுக்கும் (எல்லாரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி) நடுவேதான் ராத்திரி பதினொன்றாகிறது, டிராக்கைச் சீர் செய்வதால் அல்ல. ஸ்பிரிண்ட் கார் ஃபீச்சர் 30 லேப்புக்கு மேல் வாராந்திரப் பந்தயத்தில் தேவையே இல்லை என்பதும் என் கட்சி.

நேரில் போகிறீர்களானால் நான்காம் வளைவு பக்கம், முடிந்த அளவு உயரமான வரிசையில் உட்காருங்கள். கீழ் வரிசைகளில் பாப்கார்னில் மண்கட்டி விழும், கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் இல்லாமல் போக வேண்டாம். ஹீட்டுகளுக்கு அப்புறம் சில ஓட்டுநர்கள் டிராக்கில் நடந்து வந்து குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார்கள். குதிகால் பதிகிற இடம் பழுப்பாகவும், பதியாத இடம் சாம்பல் கலந்து பளபளப்பாகவும் இருக்கும். பழுப்பு எந்தப் பக்கம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஹீட்டில் வேகமாக ஓடியும் ஃபீச்சரில் பின்வரிசையில் கிளம்பும் ஒரு காரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து லேப்புக்கு முன்னணியில் இருப்பவரை விட்டுவிட்டு அந்தக் காரை மட்டும் பாருங்கள்.