பிஎஃப் பிடிக்கிறார்கள், கணக்கில் போடுகிறார்களா? கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பிஎஃப், அதாவது மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற வருங்கால வைப்பு நிதி, அதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், மாதாமாதம் பிஎஃப் பணம் கட்டுகிற சீட்டான சலான் போடுவது என் வேலைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம் என்று ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உச்சிப்புளி: அண்ணே, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து எனக்கு 14,000. அதில் 1,680 பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும் என்கிறார்கள், ஆனால் பாஸ்புக்கில் அவர் பங்கு 514 ரூபாய்தான் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை தங்கச்சி, பாஸ்புக்கில் பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள். பென்ஷன் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், அதில் 1,166 என்று போட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் 1,680 வந்துவிடும். உங்களிடம் பிடிக்கிற 12 சதவீதம் முழுசாக உங்கள் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. முதலாளி போடுகிற 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் நிதிக்குப் போய்விடும், மீதி 3.67தான் உங்கள் கணக்கில் சேரும். பென்ஷன் பங்கை 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான் கணக்கிடுவார்கள், அதனால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் மாதம் 1,250-க்கு மேல் அதில் போகாது.

அந்தப் பென்ஷன் பணத்துக்கு வட்டி கிடையாது, அது பொது நிதி. பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் வரும். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 14,000 சம்பளத்தில் 15 வருஷம் என்றால் மாதம் 3,000. குறைவுதான். ஆனால் ஒன்பது வருஷத்தில் வேலையை விட்டு அந்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அடுத்த கம்பெனியில் அதே யுஏஎன் எண்ணை, அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் சர்வீஸ் விட்டுப்போகாது.

மண்டபம்: சம்பளச் சீட்டில் எட்டு மாதமாக பிஎஃப் பிடித்ததாக இருக்கிறது. பாஸ்புக்கில் ஒரு வரி கூட ஏறவில்லை. கேட்டால் சர்வர் பிரச்சினை என்கிறார்கள்.

எட்டு மாதம் சர்வர் பிரச்சினை இருக்காது தம்பி. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும், கட்டினால் சில நாளில் பாஸ்புக்கில் தெரியும். உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். வருஷத்துக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் முதலாளிதான் கட்ட வேண்டும்.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 2006-ல் முதல் வேலை, ஒரு இறால் கம்பெனி, மாதம் 2,600 சம்பளம். சம்பளத்தன்று உள்ளங்கை அகலத்தில் ஒரு ரோஸ் கலர்ச் சீட்டு கொடுப்பார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி தூக்கினால் தண்ணீர் இறங்கி மை கரைந்துவிடும், ஆனால் "பி.எஃப். 312" என்ற எண் மட்டும் எப்படியோ தெரியும். 22 மாதம் பிடித்தார்கள். அப்போது யுஏஎன் கிடையாது, அது 2014-ல்தான் வந்தது. வருஷத்துக்கு ஒரு கணக்குச் சீட்டு கம்பெனி வழியாக வந்தால் உண்டு. தங்கை கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போனபோதுதான் ஒரு மாதம் கூடக் கட்டவில்லை என்று தெரிந்தது. என் கையில் மிஞ்சியிருந்தது எட்டுச் சீட்டு, அலைந்து திரிந்து அந்த எட்டு மாதப் பணம் வந்தது. மீதிச் சீட்டுகளை அம்மா சட்டையோடு சேர்த்துத் துவைத்திருந்தார். கல்யாணச் செலவுக்குக் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

அதனால் நீங்கள் இன்றைக்கே எல்லாச் சீட்டையும் போன் கேமராவில் எடுத்து வையுங்கள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பட்டியலையும் வாங்குங்கள். முதலில் கணக்குப் பிரிவில் சலான் நகலைக் கேளுங்கள். தராவிட்டால் பிஎஃப் அலுவலகத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் போடுங்கள், நம் மாவட்டம் மதுரை அலுவலகத்தின் கீழ் வருகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து போட்டால் வேலை போய்விடும் என்ற பயமும் குறையும். அப்புறம், யுஏஎன்-ல் பதிந்த செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும். காசு செலவில்லை, ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதிக்கு மேல் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

பாம்பன்: நாங்கள் நண்டுச் சதை எடுக்கிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. காண்ட்ராக்ட் ஆள் மூலம் போவதால் பிஎஃப் கிடையாது என்கிறார்கள்.

உண்டு அக்கா. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனி என்றால் பிஎஃப் சட்டம் பொருந்தும், காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனி கட்ட வேண்டும். கிலோ கூலியும் கூலிதான். வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கூலிக்குப் பீடி சுற்றியவர்களுக்கே பிஎஃப் உண்டு என்று உச்ச நீதிமன்றம் எண்பதுகளிலேயே சொல்லிவிட்டது. கம்பெனிக் கூரைக்குக் கீழே கம்பெனிக் கத்தியால் கம்பெனி நண்டை உடைக்கிற உங்களுக்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ராமேஸ்வரம்: மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை கம்பெனியில் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. கணக்கு முடிந்துபோகுமா?

முடியாது. சம்பளம் இல்லாத நாளுக்கு இரண்டு பக்கமும் கட்ட வேண்டியதில்லை, கணக்கு அப்படியே இருக்கும், இருக்கிற பணத்துக்கு வட்டியும் ஏறும். ஆனால் சம்பளமில்லாத நாட்களைப் பங்களிப்பில்லாத நாட்கள் என்று சலானில் காட்டுவோம், பென்ஷன் சர்வீஸில் அது கழியும். தடைக்காலம் 61 நாள். வருஷா வருஷம் அவ்வளவும் கழிந்தால் பத்து வருஷ வேலையில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்விடும், பத்து முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டு வேலையை விட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில் ஐஸ் பிளான்ட் வேலை, கழுவுகிற வேலை என்று கூப்பிட்டுக் கூலி கொடுத்தால் அதற்கும் பிஎஃப் உண்டு, அது சலானில் வருகிறதா என்று பாருங்கள்.

ராமநாதபுரம்: மொத்தம் 15,000 சம்பளத்தில் 6,000-ஐ மட்டும் அடிப்படை என்று காட்டி, மீதியை ஸ்பெஷல் அலவன்ஸ் என்கிறார்கள். இது சரியா?

எல்லாருக்கும் மாதாமாதம் ஒரே மாதிரி கொடுக்கிற அலவன்ஸ், அடிப்படைச் சம்பளத்தோடு சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 6,000-க்கு 720 ரூபாய், 15,000-க்கு 1,800 ரூபாய், இரண்டு பக்கமும் சேர்த்தால் மாதம் 2,160 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். கையில் வருவது கூடுதலாகத் தெரிவதால் நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

ஏர்வாடி: இரண்டு 12 சதவீதத்தையும் என் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள்.

தப்பு. முதலாளி பங்கைத் தொழிலாளி கூலியில் கழிக்கக் கூடாது என்று பிஎஃப் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மண்டபம் தம்பிக்குச் சொன்ன வழியில் புகார் போடுங்கள்.

தங்கச்சிமடம்: என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், வயது 29. அவருக்கு யார் போடுவார்கள்?

பிடிபடுகிற மீனில் பங்கு வாங்கிக்கொண்டு போகிறவருக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லாததால் பிஎஃப்-க்குள் வர வழியில்லை. இந்தக் கடற்கரையில் என்னை ரொம்ப வருத்துகிற விஷயம் இதுதான், ஆயுசு முழுக்கக் கடலில் உழைக்கிறவருக்கு முதலாளி பங்கு என்று ஒன்றுமே இல்லை. ஆனால் மத்திய அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. வயது 18-லிருந்து 40, மாத வருமானம் 15,000-க்குள் இருக்க வேண்டும், பிஎஃப் உறுப்பினராக இருக்கக் கூடாது. 29 வயதில் சேர்ந்தால் அவர் மாதம் 100 ரூபாய், அரசு 100 ரூபாய், 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத்தில் நீங்கள் 1,500 கட்டினால் 4,500-ஆகத் திரும்ப வருகிறதே, அந்த மாதிரிதான், இது வயதான காலத்துக்கு.

தொண்டி: 12 சதவீதத்துக்கு மேல் நானாகப் போடலாமா?

போடலாம், விருப்பப் பங்களிப்பு என்று கம்பெனியில் எழுதிக் கொடுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் முழுக்கக்கூடப் போடலாம், வட்டி அதே வட்டி, 2024-25-க்கு 8.25 சதவீதம். முதலாளி அதற்கு ஈடாகப் போட வேண்டியதில்லை. உங்கள் பங்கு வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு.

தேவிபட்டினத்துக்காரர், இப்போது அமெரிக்காவில்: இங்கே 401(கே) என்கிறார்கள். நம் பிஎஃப் மாதிரியா? வேலை மாறினால் கம்பெனி போட்ட பணம் கிடைக்குமா?

அது அங்கே கம்பெனி வழியாகச் சேர்க்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு. சாயல் ஒன்றுதான், உள்ளே வித்தியாசம் நிறைய. அங்கே எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்கிறீர்கள். 2025-க்கு உங்கள் பங்கின் உச்ச வரம்பு 23,500 டாலர், கம்பெனி போடுவது அதற்கு மேல் தனி. கம்பெனி போட வேண்டும் என்று பொதுவான கட்டாயம் இல்லை, போடுகிற கம்பெனிகளும் பெரும்பாலும் நீங்கள் போட்டால்தான் போடும். முதல் 3 சதவீதத்துக்கு முழுசாகவும் அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதியும் என்பது அங்கே வழக்கமான ஒரு முறை. அப்படி இருந்தால் குறைந்தது 5 சதவீதமாவது பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய காசை நீங்களே விடுகிறீர்கள்.

நம் ஊரில் முதலாளி பங்கு கணக்கில் ஏறிய நாளிலிருந்தே நம்முடையது. அங்கே நீங்கள் போட்டது எப்போதும் உங்களுடையது, ஆனால் கம்பெனி போட்டது உங்களுக்கு உரிமையாக மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வருஷத்தில் முழுசாக்கலாம். ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன்னால் திட்ட ஆவணத்தில் உங்கள் தேதியைப் பாருங்கள், இரண்டு மாதம் பொறுத்தால் ஆயிரக்கணக்கில் கிடைக்கலாம். 59½ வயதுக்கு முன் எடுத்தால் சாதாரண வரி போக 10 சதவீதம் கூடுதல் வரி, சில விலக்குகள் உண்டு. ஊருக்குத் திரும்புகிறோம் என்பதற்காக அவசரப்பட்டு உடைக்காதீர்கள்.

கீழக்கரை: என் தம்பி மீன் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தான், 14,000 சம்பளம். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். பத்து வருஷம் ஆகாததால் பென்ஷன் இல்லை, இருக்கிற பிஎஃப் மட்டும்தான் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது தப்பு. பத்து வருஷக் கணக்கு உயிரோடு இருப்பவருக்குத்தான். வேலையில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு, குறைந்தது மாதம் 1,000. இரண்டு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை, தாய்க்கு வருவதில் கால் பங்கு வீதம் தனியாக வரும். இது போக முதலாளி 0.5 சதவீதம் கட்டுகிற காப்பீடு ஒன்று இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு, அதோடு பிஎஃப் இருப்பில் பாதி, மொத்தம் 7 லட்சம் வரை. உங்கள் தம்பிக்கு 35 மடங்கே 4,90,000 வருகிறது.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தம்பி மனைவியின் ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காகிதத்திலும் "முழுத் தீர்வு பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் தம்பி மனைவி கையெழுத்துப் போட வேண்டாம். மாதாமாதம் 27-ம் தேதி மாவட்டத்தில் பிஎஃப் முகாம் நடக்கும், அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். காகிதங்களோடு தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் வந்து கூட இருந்து படிவத்தை நிரப்பித் தருகிறேன்.