அலமாரிக்குள் போன மணி

கேள்வி: வயது 44. படபடப்பு, தூக்கமின்மைக்காக ஒரு தெரபிஸ்ட்டிடம் போகிறேன். பௌத்த உளவியலை ஒட்டிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியை எட்டு வாரம் சொல்லித் தந்தார். தினமும் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். பக்கத்து அறையில் அம்மா. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. கூப்பிட ஒரு கைமணி கொடுத்திருந்தோம், தியானத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். இவ்வளவு செய்தும் மனம் ஏன் அடங்கவில்லை?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் மணிக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

பேச்சு போனவருக்கு அந்த மணிதானே வாய்? தண்ணீர் வேண்டும், துணி நனைந்துவிட்டது, பயமாக இருக்கிறது, எல்லாவற்றையும் அதில்தான் சொன்னார். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மனம் அடங்கவில்லை என்கிறீர்கள். எப்படியம்மா அடங்கும்? அடங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

நீங்கள் கற்ற அந்த எட்டு வாரப் பயிற்சியின் மூல வடிவம், 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கியது. நாள்பட்ட வலியோடு வந்தவர்களிடம், வலியிலிருந்து ஓடாமல் அதையே கவனிக்கச் சொன்னார். சத்தம் வந்தால் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். வியட்நாம் துறவி திக் நாட் ஹான் பிரான்சில் அமைத்த ப்ளம் வில்லேஜ் என்ற மடத்தில், மணி அடித்தால் எல்லாரும் கைவேலையை நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள். டெலிபோன் மணிக்கும் அப்படித்தான். அப்படிப்பட்ட மணி உங்கள் வீட்டிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் ஒரு சம்பவம். வயிற்றுப்போக்கு வந்த துறவி ஒருவர் தன் மலத்திலேயே கிடந்தார், எட்டிப் பார்க்க ஆளில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அப்புறம் மற்ற துறவிகளைக் கூட்டி, 'உங்களுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் நீங்களே பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்?' என்று கேட்டார். வீட்டைத் துறந்தவர்களிடமே இப்படிக் கேட்டவர், தாயோடு ஒரே வீட்டில் இருக்கும் உங்களிடம் என்ன கேட்டிருப்பார்?

பெற்றவளைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. பிள்ளைகள் என்றால் உங்கள் அண்ணனும்தான். பணம் அனுப்பியதோடு மகன் கடமை தீராது. மாதத்தில் ஒரு வாரமாவது அவர் வந்து, ராத்திரி எழுந்து, துணி மாற்றட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் தூக்கத்துக்கு முதல் மருந்து அதுவாகக்கூட இருக்கலாம். தியானத்தை விட வேண்டாம், அம்மா பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஆள் இல்லையென்றால் அவர் கட்டிலருகிலேயே உட்காருங்கள்.

அடுத்த முறை தெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது, படபடப்பைச் சொல்வதற்கு முன்னால் மணியைப் பற்றிச் சொல்லுங்கள். இதுவரை அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது எழுந்து போய் அலமாரியைத் திறங்கள். அம்மாவுக்கு எந்தக் கை அசைகிறதோ, அந்தப் பக்கம் எட்டும்படி மணியை வையுங்கள்.