எண்ணெய் வழியும் பாட்டில்: அச்சை மாற்றுவதா, மூடியை மாற்றுவதா?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் நானும் கணவரும் மரச்செக்கு நடத்துகிறோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒரு லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கிறோம். ஊற்றும்போது கழுத்தில் வழிந்து லேபிள் எல்லாம் எண்ணெயாகிவிடுகிறது என்று வாங்குகிறவர்கள் குறைப்படுகிறார்கள். சொட்டாத ஒயின் பாட்டில் ஒன்றின் வீடியோவை மகன் காட்டினான். அதுபோல வாய் வைத்துப் பாட்டில் வார்க்கப் புது அச்சு செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் சகோதரி.

மகன் காட்டியது அநேகமாக அமெரிக்காவின் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பெர்ல்மன் வடிவமைத்த பாட்டிலாக இருக்கும். 2017-இல் பேசப்பட்டது. விளிம்புக்குச் சற்றுக் கீழே, கழுத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் அகலத்தில், 1 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். வழிகிற ஒயின் அதைத் தாண்ட முடியாமல் கீழே விழுந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் அது ஒயினுக்கும் கண்ணாடிக்கும் செய்தது. எண்ணெய் ஒயினைப் போலத் திரண்டு சொட்டுவதில்லை, படர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை நம்பி அச்சுக்குப் பணம் போடுவது சூதாட்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட் பாட்டிலில் ஊதி உருவாக்குவது உடம்பை மட்டும்தான். கழுத்தும் மூடி திருகும் மரையும் ப்ரீஃபார்மிலேயே, அதாவது ஊதுவதற்கு முன் இருக்கும் சிறு குழாய் வடிவத்திலேயே, முடிந்து வந்துவிடும். இடுப்பை ஒடுக்கிப் பிடிமானம் வைக்க வேண்டும் என்றால் ஊதும் அச்சை மட்டும் மாற்றினால் போதும். வாயை மாற்ற ப்ரீஃபார்ம் அச்சே புதிதாக வேண்டும், அதற்குப் பொருந்தும் மூடிக்கு இன்னொன்று. ஒரு செக்கு வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

மூடியை மாற்றுங்கள். நடுவில் சிறு மூக்கும், சுற்றிலும் கிண்ணம் போன்ற குழியும், மிஞ்சிய எண்ணெய் உள்ளே திரும்பிப் போக ஒரு துளையும் உள்ள மூடிகள் உங்கள் கழுத்து அளவுக்கே கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வழிவதை அது நிறுத்தாது, வழிந்ததை உள்ளே அனுப்பிவிடும்.

அதற்கும் விலை உண்டு. பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருப்பார்களே, அவர்கள்தான் முதலில் திட்டுவார்கள். மூக்கை வைத்து அடைத்தால் புனல் நுழையாது, உள்ளே கழுவவும் முடியாது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் பாட்டில் வாயில் செருகும் சிறு துளை பிளக் வைத்தோம். பாதிப் பேர் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டார்கள். ஊற்ற லேசான வாய் நிரப்பக் கஷ்டம், நிரப்ப லேசான வாய் ஊற்றக் கஷ்டம். நம் பழைய கெண்டியைப் பாருங்கள், நிரப்ப ஒரு வாய், ஊற்ற ஒரு மூக்கு. காற்று மேல்வாய் வழியாக உள்ளே போவதால் குபுக் குபுக்கென்று கொட்டாமல் சீராக விழும். ஆனால் கெண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாதே! ஆகவே பிளக்கைக் கையால் கழற்றி மாட்டும்படி இருப்பதாகத் தேடுங்கள்.

தேங்காய் எண்ணெய்க்கு இது எதுவும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் மூக்குத் துளை அடைத்துக்கொள்ளும். அதற்கு அகல வாயே இருக்கட்டும், கரண்டி விட்டு எடுத்துக்கொள்வார்கள்.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. பாட்டில் நிறைந்திருக்கும்போதுதான் வழிவது அதிகம். லேசாகச் சாய்த்தாலே எண்ணெய் மெதுவாக வெளியே வந்து விளிம்போடு ஒட்டிக்கொண்டு இறங்கும். ஒரு லிட்டர் எண்ணெயைக் கொஞ்சம் பெரிய பாட்டிலில் அடைத்தால் கழுத்துக்குக் கீழே காலி இடம் கிடைக்கும். "குறைச்சு ஊத்திட்டாங்க" என்று சிலர் சொல்வார்கள். லேபிளில் அளவுக்கோடு ஒன்று போட்டுவிடுங்கள்.

சப்ளையரிடம் இரண்டு மூன்று வகை மூடி மாதிரி கேட்டு வாங்குங்கள். கழுத்தில் ஒரு டிஷ்யூவைச் சுற்றிக்கொண்டு, நிறைந்த பாட்டிலிலிருந்து கரண்டியில் பத்து முறை ஊற்றிப் பாருங்கள். தண்ணீரில் வேண்டாம், நல்லெண்ணெயிலேயே செய்யுங்கள். எந்த டிஷ்யூ குறைவாக நனைகிறதோ அந்த மூடியை ஒரு மாதம் நல்லெண்ணெய்க்கு மட்டும் போட்டு விற்றுவிட்டு எழுதுங்கள்.