வாசகர் கேள்வி: வேட்டைக்குப் போகுமுன் பையனுக்கு என்ன சொல்லித் தர?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மகனுக்கு 11 வயது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைகளோடு இவனையும் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டில் துப்பாக்கியே இல்லை. அனுப்பலாமா?

– ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: முதலில் சட்டம். வேட்டை உரிமம் அவனுக்கும் வேண்டும். 9 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால், உரிமமும் பயிற்சியும் உள்ள, 17 வயது நிரம்பிய ஒருவர் கூப்பிடு தூரத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது வழி சுலபம்தான். ஆனாலும் பயிற்சியை முடிக்கவையுங்கள்.

அதோடு, ஒரு நாள் மாலை வெறும் துப்பாக்கியை வைத்துப் பழக்கித்தரச் சொல்லி பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. குழல்முனை எந்த நேரமும் ஆளில்லாத பக்கம் பார்க்க வேண்டும். சுடும் நொடிவரை விரல் விசைக்கூண்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) வெளியே. சேஃப்டி பொத்தானை நம்பி இவற்றில் எதையும் தளர்த்தக் கூடாது. அதுவும் பழுதாகும் ஒரு பாகம்தான்.

பெரியவர்களே தவறும் இடம், தோட்டாவை எடுக்கும் வரிசை. கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள ரைஃபிளில் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி, வெளியே எடுக்கும் தண்டு) இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும். போல்ட்டைத் தள்ளியதும் மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, 'காலி' என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் போல்ட்டைத் திறந்தே வைத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவ வேண்டும். கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யட்டும், கொடுத்தவர் இப்போதுதான் பார்த்திருந்தாலும்.

கம்பிவேலி வந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, குழல்முனை தன்னைப் பார்க்காதபடி துப்பாக்கியைக் கீழ்க்கம்பிக்கு அடியில் அந்தப் பக்கம் படுக்கவைத்து, கட்டைப் பக்கமாக (தோளில் வைக்கும் பின்பகுதி இருக்கும் பக்கம்) வேலியைத் தாண்ட வேண்டும். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே ஏறக் கூடாது.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறக்கக் கூடாது. வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். இலக்குப் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடவே கூடாது, சின்ன .22 அளவுத் தோட்டாகூட ஒரு மைலுக்கு மேல் போகும்.

துப்பாக்கி அளவும் முக்கியம். கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உடம்பை வளைத்துச் சமாளிப்பான், முனை அலையும்.

கடைசியாக, எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார் என்று கேளுங்கள். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை, இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி என்றால் அனுப்பலாம்.