தூண்டில் கம்புக்கு எந்த நூல்?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் கோத்தகிரி பக்கம். பழைய ஃபைபர் தூண்டில் கம்பு ஒன்னுல நரம்பு ஓடற கைடு வளையம் புதுசா வச்சு, டெய்லர் கடை நூலால சுத்தி மேல வார்னிஷ் அடிச்சேன். ஒரு மழைக்காலம்கூட தாங்கல, நூல் பிசிறு விட்டு ஒரு வளையம் பக்கவாட்டுல திரும்பிடுச்சு. இந்தத் தடவ நல்லா தடிமனான நூலா வாங்கிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, தடிமன்ல ஒன்னுமே இல்ல. நம்ம அவலாஞ்சி பக்கத்து ஓடைகள்ல கிடைக்கிற மீனுக்கு மெல்லிசு நூலே தாராளம். தூண்டில் கட்டறதுக்குன்னே வர்ற நூல்ல ஏ சைஸ் மெல்லிசு, டி சைஸ் தடி. டி எல்லாம் கடல்ல பெரிய மீன் இழுக்கிற கம்புக்கு.

உங்க நூல் ஏன் கெட்டுச்சுன்னா, தையல் நூல் குட்டி குட்டி இழைய முறுக்கினது, அந்த நுனியெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, புழுவுக்கு ரோமம் மாதிரி தெரியும். வார்னிஷுக்கு மேல எட்டிப் பாக்கிற ஒவ்வொரு பிசிறும் தண்ணி உள்ள இறங்க ஒரு திரி, அதுவும் பருத்தின்னா நம்ம ஊரு மிஸ்ட்ல ஊறி ஊறியே இத்துப் போயிடும். அதனால ஒரே நீள இழையா வர்ற நைலான் வாங்குங்க. நைலான் கொஞ்சம் இழுபடும், இழுத்துச் சுத்தினா திரும்ப சுருங்கப் பாக்கும்ல, அந்தச் சுருக்கம்தான் வளையத்தோட கால (கம்பு மேல படியற நீட்டு பாகம்) கவ்விப் பிடிக்குது. அது கிடைக்கலன்னா பளபளன்னு இருக்கிற பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல் பரவாயில்ல.

ஆனா எம்பிராய்டரி நூல்னு கேட்டா நிறைய கடையில ரேயானத் தூக்கிக் குடுத்துடுவாங்க, பாக்க அதவிட அழகா இருக்கும், நனைஞ்சா வலு போயிடும். ஒரு துண்டு வெட்டி தீக்குச்சியில காட்டுங்க. காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாச்சுன்னா ரேயானோ பருத்தியோ, அத அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. உருகி நுனியில குட்டி மணி மாதிரி உருண்டா நைலான் இல்ல பாலியஸ்டர். கலருக்கும் ஒரு வழி இருக்கு, நூல்ல ஒரு சொட்டு தண்ணி தொட்டு வைங்க, மேல எபாக்ஸி (ரெண்டு பாட்டில் திரவத்தக் கலந்து பூசி இறுக விடற பூச்சு) ஏறினப்புறம் கிட்டத்தட்ட அந்த கலர்தான் வரும், சாதா நைலான் கண்ணாடியா மாறி அடியில இருக்கிற கம்பே தெரியும். கலர் அப்படியே நிக்கணும்னா என்.சி.பி.ன்னு போட்ட நூல் கேளுங்க.

இன்னொன்னு, வளையம் திரும்பினதுக்கு நூல மட்டும் திட்டாதீங்க. கால் நுனி மொட்டையா இருந்தா நூல் மேல ஏறும்போது குதிச்சு ஒரு சந்து விழும், தண்ணி முதல்ல போறது அங்கதான். சின்ன அரத்தால நுனிய கத்தி முனை மாதிரி சாய்வா ராவிட்டு அப்புறம் சுத்துங்க. சுத்தி முடிக்க ஏழெட்டு சுத்து இருக்கும்போதே தனி நூல் ஒன்ன ரெண்டா மடிச்சு கண்ணியா வச்சு, அதுக்கு மேலயே சுத்தி, முனைய கண்ணியில விட்டு வால இழுத்தா முனை அடியில போய் மாட்டிக்கும், முடிச்சே தேவையில்ல. கட்டை விரலால தள்ளினா வளையம் லேசா நகரணும், அந்த இறுக்கம் போதும், எல்லா வளையத்தையும் ஒரே கோட்டுல நேர் பண்ணணும்ல. பூட்டறது மேல பூசற எபாக்ஸிதான்.

கேள்வி: ஊட்டியில ஜூலையில எபாக்ஸி பூசினேன், ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னு ஒட்டுது. என்ன பண்ண?

பதில்: குளிருக்கு எபாக்ஸி இறுக ரொம்ப நேரம் எடுக்கும், ஆனா கலவை சரியா இருந்தா இறுகாம போகாது. கண்ணளவுல கலக்காம, ரெண்டுக்கும் தனித்தனி ஊசி சிரிஞ்ச் வச்சு பாக்கெட்ல போட்ட அளவுக்கு எடுங்க. பூசறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டிலையும் வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சா இளகி, குமிழியும் கம்மியாகும். ஜன்னல அடைச்சுடுங்க, மிஸ்ட் உள்ள வந்தா மேல வெள்ளைப் படலம் கட்டிக்கும். பூசினப்புறம் சில மணி நேரம் கம்ப மெதுவா உருட்டிக்கிட்டே இருங்க, இல்லன்னா ஒரு பக்கமா வழிஞ்சு தொங்கிடும். அஞ்சு நிமிஷ எபாக்ஸி மட்டும் வேணவே வேணாம், அது நூலுக்குள்ள இறங்கறதுக்குள்ள கெட்டியாயிடும், போகப் போக மஞ்சளும் அடிக்கும். இப்ப ஒட்டறத ஒரு வாரம் சூடான அறையில விட்டுப் பாருங்க, அப்பவும் ஒட்டினா நூலோட வெட்டி எடுத்துட்டு மறுபடி சுத்திடுங்க.